காயத்துக்குள் எதற்கு இன்னொரு ஊசி? நாய்க்கடி, பி செல், ஆன்டிபாடி

ஜூன் 3, இரவு 9.20 (நீலகிரி மலையில் கேத்தியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது)

அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது, நல்ல ரத்தம். குன்னூரில் காட்டினோம். இரண்டு கையிலும் தோலில் தடுப்பூசி போட்டார்கள். அதோடு விடவில்லை, கடிவாய்க்குள்ளேயே ஊசியை இறக்கி இறக்கி வேறு ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். பையன் கத்திய கத்தில் எங்கள் அப்பா சண்டைக்கே போய்விட்டார். "அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள், காயத்தில் யாரும் கை வைக்கவில்லை" என்கிறார். தடுப்பூசி போட்ட பிறகு இது எதற்கு? மலைக்காற்றில் வளர்ந்த பிள்ளை, எதிர்ப்பு சக்தி நன்றாகவே இருக்கும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 10.05

காயத்துக்குள் போட்டதுதான் இன்றைக்கு அந்தப் பையனைக் காக்கிற மருந்து. கையில் போட்டது இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காக்கப் போகிற மருந்து. இரண்டும் வேண்டும்.

தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட ரேபிஸ் வைரஸ். அதைப் பார்த்துப் பழகி, அதைப் பிடித்து முடக்குகிற ஆன்டிபாடி என்ற புரதத்தை உடம்பே தயாரிக்க வேண்டும். அது ரத்தத்தில் போதுமான அளவு சேர 7 முதல் 14 நாள் ஆகும். கடித்த நாயின் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் அது அதுவரை கடிவாயில் கைகட்டிக்கொண்டு இருக்காது. தசையில் கொஞ்சம் பெருகி, பக்கத்தில் உள்ள நரம்பு முனைக்குள் நுழைந்துவிடும். நரம்புக்குள் போன பிறகு ரத்தத்தில் எவ்வளவு ஆன்டிபாடி இருந்தாலும் அதை எட்டிப் பிடிக்க முடியாது. அதனால்தான் வேறு உடம்பில் ஏற்கனவே தயாரான ஆன்டிபாடியைக் கொண்டுவந்து, வைரஸ் எங்கே இருக்குமோ அங்கேயே விடுகிறார்கள். இம்யூனோகுளோபுலின் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள், பாருங்கள். மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட், குதிரை ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் 40 யூனிட்.

அந்த டாக்டர் சரியாகச் செய்திருக்கிறார். அப்பாவை அனுப்பி ஒரு வார்த்தை நன்றி சொல்லச் சொல்லுங்கள். அடுத்த தடுப்பூசி தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

ஜூன் 4, காலை

ராத்திரி அவசரத்தில் எழுதாமல் விட்ட ஒன்று. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவினீர்களா? கழுவாமல் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையாவது அப்பிக்கொண்டு வருகிறவர்களை டிஸ்பென்சரியில் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தவள், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் நாய்க்கடி இல்லாத மாதமே கிடையாது. ரேபிஸ் வைரஸுக்குக் கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். ஆன்டிபாடிக்கும் முன்னால் வருகிற காவல் அதுதான்.

ஜூன் 4, மதியம்

"ஏன் 14 நாள்? காய்ச்சல் மாத்திரை அரை மணி நேரத்தில் வேலை செய்கிறதே" என்று கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பி செல் என்பது ஒருவகை வெள்ளை அணு. எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது. பிறக்கும்போதே ஒவ்வொரு பி செல்லும் தன் மரபணுவில் சில துண்டுகளை வெட்டி, இடம் மாற்றி ஒட்டி, தனக்கென்று ஒரு பிடிப்பானைச் செய்துகொள்கிறது. அந்தச் செல்லின் மேற்பரப்பு முழுவதும் அந்த ஒரே வடிவப் பிடிப்பான்தான். பக்கத்துச் செல்லுக்கு வேறு வடிவம். இப்படிக் கோடிக்கணக்கான வடிவங்கள் நம் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எந்தக் கிருமி வரப்போகிறது என்று தெரியாமலேயே, எது வந்தாலும் ஏதாவது ஒன்று பொருந்தட்டும் என்ற கணக்கில் செய்து வைத்தவை. மரபணு இப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் சுசுமு டோனெகாவா, 1987-ல் நோபல் பரிசு வாங்கினார். இதற்கு முன்பே, 1957-ல், பொருந்துகிற செல்லை மட்டும் கிருமி தேர்ந்தெடுத்துப் பெருக வைக்கிறது என்று பர்னெட் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி சொல்லிவிட்டார்.

இப்போது பையனின் கையில் போட்ட தடுப்பூசி. அது அக்குளில் இருக்கிற நிணநீர் முடிச்சுக்குப் போகும். நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த முடிச்சு. அங்கே கூடியிருக்கிற லட்சக்கணக்கான பி செல்களில் ரேபிஸ் வைரஸின் மேலுறைப் புரதத்தோடு பொருந்துவது மிகச் சிலதான் இருக்கும். அந்தச் சிலதும் உடனே கிளம்பிவிடாது. அதே வைரஸை அடையாளம் கண்ட டி செல் (இன்னொரு வகை வெள்ளை அணு) ஒன்று பக்கத்தில் வந்து சம்மதம் கொடுக்க வேண்டும். அந்தச் சம்மதம் ஒரு பாதுகாப்பு, அது இல்லாவிட்டால் பி செல் நம் சொந்த உடம்பின் மேலேயே பாயலாம். சம்மதம் கிடைத்தபின் செல் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நாள் கணக்கில் பெருகும். பெருகியவற்றில் ஒரு பங்கு பிளாஸ்மா செல்லாக மாறும். பிளாஸ்மா செல்லுக்கு ஒரே வேலைதான், நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடியைக் கொட்டுவது. செல்லின் மேல் ஒட்டியிருந்த அதே பிடிப்பான்தான் இப்போது தனியே கழன்று ரத்தத்தில் மிதக்கிறது.

முதலில் வருவது ஐஜிஎம். ஐந்து ஆன்டிபாடி சேர்ந்த பெரிய மூலக்கூறு, பத்துக் கை. ஒவ்வொரு கையின் பிடியும் தளர்வாக இருந்தாலும் பத்தும் சேர்ந்து பிடிக்கும். அதற்கிடையில் முடிச்சுக்குள் இன்னொரு வேலை நடக்கிறது, எனக்கு எப்போது நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கும். பி செல்கள் வேண்டுமென்றே தங்கள் பிடிப்பான் மரபணுவில் சிறு சிறு மாற்றங்களைச் செய்துகொள்கின்றன. மாற்றம் பெரும்பாலும் கெடுதலாகத்தான் முடியும், அந்தச் செல்கள் செத்துப்போகும். எதற்குப் பிடி இறுகியதோ அது மட்டும் மறுபடி பெருகும். தராசு மேடையில் தேயிலைக் கொழுந்தைக் கொட்டி, கரட்டு இலையை மேஸ்திரி கழித்துப் போட்டுக்கொண்டே இருப்பார் பாருங்கள், அதே மாதிரி சுற்றுச் சுற்றாகக் கழிப்பு நடக்கும். முடிவில் வருவது இறுகிய பிடியுள்ள ஐஜிஜி. ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடியில் முக்கால் பங்கு இந்த வகைதான்.

தேடிப் பொருத்தி, சம்மதம் வாங்கி, பெருகி, கழித்து முடிக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நாட்கள்.

ஜூன் 4, மாலை

அவளே திரும்பவும்: "ஆன்டிபாடி வைரஸை எப்படிக் கொல்கிறது?"

பெரும்பாலும் கொல்வதில்லை. ரேபிஸ் விஷயத்தில், வைரஸ் நரம்புச் செல்லில் ஒட்டுவதற்கு வைத்திருக்கிற புரதத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒட்ட முடியாத வைரஸ் உள்ளே போக முடியாது, அவ்வளவுதான். பாக்டீரியா என்றால் அதன் மேல் ஆன்டிபாடி படிந்தவுடன் விழுங்கும் செல்களுக்குப் பிடி கிடைக்கிறது, தின்றுவிடும். மூன்றாவதாக, ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஆன்டிபாடி படிந்த இடத்தைப் பார்த்து அது வந்து சேர்ந்து பாக்டீரியாவின் தோலில் ஓட்டை போடும். கொல்வது மற்றவர்கள், காட்டிக்கொடுப்பது ஆன்டிபாடி.

ஜூன் 5, காலை

எதிர்ப்பு சக்தி பற்றி வந்த பதில்களை எல்லாம் படித்தேன். மிளகு ரசம், கபசுரக் குடிநீர், மலைத்தேன், அத்திப்பழம். நேராகச் சொல்கிறேன், இவற்றில் எதுவும் ரேபிஸுக்கு எதிராக ஒரு ஆன்டிபாடியைக்கூட உண்டாக்காது. அந்த வைரஸின் புரதத்தைப் பார்க்காமல் அதற்கான பி செல் விழிக்காது. உடம்பில் மொத்தமாக "சக்தி" என்று ஒன்று ஏறி இறங்குவதில்லை. தட்டம்மைக்கு ஆன்டிபாடி நிறைந்திருக்கிற உடம்பு ரேபிஸுக்கு வெறுங்கையாக நிற்கும்.

சாப்பாடு முக்கியம் இல்லை என்று சொல்லவில்லை. ஆன்டிபாடி ஒரு புரதம், புரதச்சத்து அடியோடு குறைந்த குழந்தைக்கு எல்லா எதிர்ப்பும் தளரும், லைன் வீடுகளில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை இந்த நாட்டில் முறையாக ஆராயத் தொடங்கியதே நம் குன்னூரில்தான். 1918-ல், நாய்க்கடி சிகிச்சைக்கென்று இங்கே வந்த பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஒரு அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றி ஆரம்பித்த விசாரணைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. முட்டையும் பயறும் கொடுங்கள். நாய் கடித்தால் ஊசிக்குப் போங்கள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடு ஆகாது.

கோபமாக எழுதியது போல் இருந்தால் இருக்கட்டும். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு பிழைப்பது அரிதினும் அரிது. தண்ணீர் டம்ளரைப் பார்த்து மிரண்ட ஒருவரை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இந்த விஷயத்தில் பொறுமை இருக்காது.

ஜூன் 5, இரவு

தாத்தா சொன்ன 14 ஊசிக்கு வருகிறேன், அவர் சொல்வது உண்மைதான்.

அது செம்பிள் தடுப்பூசி. 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கியது. ஆட்டின் மூளையில் வைரஸை வளர்த்து, ஃபீனால் கொண்டு கொன்று, அந்த மூளைக் கரைசலையே ஊசியாகப் போட்டார்கள். வீரியம் குறைவு, அதனால் தினம் ஒன்றாகப் பல நாள். அளவு அதிகம், அதனால் வயிற்றில். மூளைத்திசுவோடு சேர்ந்து போனதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. நம் பி செல்லும் டி செல்லும் வைரஸைப் பார்ப்பதோடு ஆட்டு மூளையின் நரம்புறைப் புரதத்தையும் பார்த்துவிடும். நம் நரம்புறையும் அதே சாயல்தான். சிலருக்குக் கை கால் விழுந்துபோனது, சிலர் இறந்தார்கள். இந்தியா 2004 இறுதியில் அதன் உற்பத்தியை நிறுத்தியது. இப்போது வருவது வளர்ப்புச் செல்களில் வளர்த்துச் சுத்தப்படுத்திய தடுப்பூசி, மூளைத்திசு கிடையாது.

அந்தக் காலத்தில் காயத்தில் யாரும் கை வைக்கவில்லை என்பதும் சரிதான், ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆழமான கடியும் முகத்துக் கடியும் பட்டவர்களில் தடுப்பூசி போட்டும் இறந்தவர்கள் இருந்தார்கள், வைரஸ் முந்திக்கொண்டது. அந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் கடிவாய் ஊசி வந்தது.

பாஸ்டர் நிலையம் நம் ஊருக்கு வந்த கதையும் இதே நேரத்தோடு ஓடுகிற பந்தயம்தான். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் நாய்க்கடி நோயால் இறந்தார். அப்போது சிகிச்சைக்குப் போக வேண்டுமென்றால் இமயமலை அடிவாரத்தில் கசௌலிக்குப் போக வேண்டும். தென்னிந்தியாவில் கடிபட்டவர் ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை நாள் போய்விடும்! ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையும் சேர, 1907-ல் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இந்த நிலையம் திறந்தது. பூங்காவில் பழக்கண்காட்சி பார்க்கப் போகிறவர்கள் எதிரே உள்ள கட்டிடத்தையும் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.

ஜூன் 7

மழை, இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. அதற்குள் நிறையக் கேள்விகள்.

"முதல் நாள் அந்த மருந்து கிடைக்கவில்லை, மூன்று நாள் கழித்துக் கிடைத்தால் பிரயோஜனம் உண்டா?" உண்டு. முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து 7 நாளுக்குள் போடலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை இங்கே ஒரு மருத்துவமனையில் "ஸ்டாக் இல்லை, தடுப்பூசி போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்டாக் இல்லை என்பது சரி, போதும் என்பது தப்பு. அவர் ஊட்டிக்குப் போய்ப் போட்டுக்கொண்டார். 7 நாளுக்குப் பிறகு ஏன் போடுவதில்லை என்றால், அதற்குள் சொந்த ஆன்டிபாடி வரத் தொடங்கியிருக்கும், வெளியிலிருந்து வருவது அதற்கு இடைஞ்சல். சொன்ன அளவுக்கு மேல் போடாமல் இருப்பதும் அதனால்தான். கடன் வாங்கிய ஆன்டிபாடி தடுப்பூசியையே மறைத்துவிட்டால் பி செல் எதைப் பார்த்துப் பழகும்?

"புட்டத்தில் போடச் சொன்னால் போடலாமா?" கூடாது. அங்கே கொழுப்பு அதிகம், தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. பெரியவர்களுக்குத் தோள்பட்டைத் தசை, சின்னக் குழந்தைக்குத் தொடை. முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்தால், தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போட்டால் 14-ம் நாளும் சேரும்.

ஜூன் 8

கூடலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் பாம்புக்கடி ஊசியும் இதே ரகமா என்று கேட்டிருக்கிறார். அதே ரகம்தான் தம்பி. அதில் மலைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது.

மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இருக்கிறது. அங்கே நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுத்து, மருந்து தயாரிப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றுவார்கள். குதிரையின் பி செல்கள் ஆன்டிபாடி செய்யும், அதைப் பிரித்தெடுத்தால் விஷமுறிவு மருந்து. இந்த வித்தையின் வேர் 1890-ல் இருக்கிறது. பெர்லினில் பேரிங், கிட்டசாட்டோ என்ற இரண்டு விஞ்ஞானிகள், ரணஜன்னி (டெட்டனஸ்) நஞ்சுக்குப் பழக்கிய முயலின் ரத்தநீரை எலிக்குக் கொடுத்தால் எலி பிழைக்கிறது என்று காட்டினார்கள். முயலின் செல் எதையும் எலிக்கு ஏற்றவில்லை, வெறும் ரத்தநீரே காப்பைச் சுமந்து போகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

இனி நம் மலை. தேயிலைச் செடிக்குள் கொழுந்து எடுக்கிற பெண்களைக் கடிப்பது பெரும்பாலும் இந்த நான்கு இல்லை, குழிவிரியன். பச்சையாக ஒன்று இருக்கும். கழுத்துப் பக்கம் லாடம் போலக் குறி உள்ள பழுப்பு நிறத்தது ஒன்று உயரமான இடங்களில் இருக்கும். அந்த லாடக்குறி விரியன் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் கிடையாது. நான்கு பாம்பின் விஷத்துக்குப் பழகிய குதிரையின் ஆன்டிபாடி குழிவிரியன் விஷத்துக்கு வேலை செய்யும் என்று நம்ப முடியாது, வடிவம் வேறு. ஆன்டிபாடியின் பலமே அது குறிப்பிட்ட ஒன்றைப் பிடிப்பதுதான். மலைக்காரர்களுக்கு அதுவே வினையாக வந்து நிற்கிறது. நான் பார்த்த குழிவிரியன் கடிகளில் வீக்கமும் வலியும்தான் பெரிதாக இருந்தன. ஆனாலும் வீட்டிலேயே இருந்து பார்க்கலாம் என்று யாரும் முடிவு கட்டாதீர்கள். ரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும், கடித்தது எந்தப் பாம்பு என்பதை டாக்டர் அறிகுறியை வைத்து முடிவு செய்வார். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூன் 8, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் சேர்க்க வேண்டியது. ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் அளவு உடல் எடையைப் பொறுத்தது என்று சொன்னேன். பாம்பு மருந்து அப்படி இல்லை, குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை, ஆன்டிபாடி விஷத்தின் அளவுக்குத்தான் ஈடு கொடுக்க வேண்டும். ஒரு அம்மா "குழந்தைக்குப் பாதி போடுங்க சிஸ்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

இரவல் ஆன்டிபாடி தங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐஜிஜி ரத்தத்தில் மூன்று வாரத்தில் பாதியாகும், குதிரையிலிருந்து வந்தது அதைவிடச் சீக்கிரம் கரையும். அதிலிருந்து உங்கள் பி செல் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அடுத்த வருடம் மறுபடி பாம்பு கடித்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

ஜூன் 10

கவாத்துக் கத்தி காலில் பட்டதற்கு டிடி ஊசி போடலாமா என்று கேட்டவருக்கு: போடுங்கள். 2019-லிருந்து இங்கே கொடுப்பது டிடி என்ற பெயரில் இருந்தாலும் தொண்டை அடைப்பானையும் சேர்த்த ஊசி, அது நல்லதே. ரணஜன்னி வந்து பிழைத்தவருக்குக்கூட அதற்கெதிரான ஆன்டிபாடி வருவதில்லை என்பது பலருக்கும் தெரியாது. அந்த நஞ்சு அவ்வளவு கொடியது, ஆளைக் கொல்லப் போதுமான அளவுகூட பி செல்லை எழுப்பப் போதாது. ஒருமுறை வந்துவிட்டதே, இனி வராது என்ற கணக்கு அம்மைக்குச் செல்லும், இதற்குச் செல்லாது. தடுப்பூசி ஒன்றுதான் வழி.

கர்ப்பிணிகளுக்கு அதைப் போடுவதும் பாதி அவர்களுக்காக இல்லை, குழந்தைக்காக. தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாக, அதிலும் கடைசி மூன்று மாதத்தில், குழந்தைக்குப் போய்ச் சேரும். தொப்புள்கொடியை அறுக்கிற இடத்தில் ரணஜன்னி புகுந்து பச்சிளம் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த நாடு இது. 2015-ல் அது ஒழிந்த நிலைக்கு வந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதில் ஒவ்வொரு டிஸ்பென்சரி நர்ஸுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

ஜூன் 10, இரவு

தாயின் ஆன்டிபாடி என்று ஆரம்பித்துவிட்டு சீம்பாலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் மூன்று நாள் பால் மஞ்சளாக, திக்காக வருகிறதே, அதைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதில் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி நிறைந்திருக்கிறது. அது ரத்தத்துக்குப் போவதில்லை, குழந்தையின் குடலில் பூச்சு மாதிரி படிந்து, கிருமி ஒட்டவிடாமல் செய்கிறது. தாய் சாப்பிட்ட இடத்திலும் சுவாசித்த இடத்திலும் இருந்த கிருமிகளைப் பார்த்த பி செல்கள்தான் மார்புக்கு வந்து அதைச் செய்கின்றன. டப்பா பாலில் அது இல்லை.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அவசரமான விஷயம். மனிதக் குழந்தையாவது கருப்பையிலேயே ஐஜிஜியை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்குட்டிக்கு நஞ்சுக்கொடி வழியாக ஒன்றும் கிடைப்பதில்லை, முழுக்க முழுக்கச் சீம்பாலில்தான். அதுவும் பிறந்து ஒரு நாள் வரைதான் கன்றின் குடல் அதை ரத்தத்துக்குள் விடும், மணிக்கு மணி குறைந்துகொண்டே போய் மூடிவிடும். முதல் பாலை மொத்தமும் கறந்து பால்கட்டி செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, கன்று கழிந்து சாகிறது என்று வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் கன்று வயிறு நிறையக் குடிக்கட்டும், மிச்சத்தில் பால்கட்டி செய்யுங்கள்.

ஜூன் 11

"ஒன்பதாம் மாதம் வரை தட்டம்மை ஊசிக்குக் காத்திருக்கச் சொல்கிறார்களே, பிறந்தவுடனே போட்டால் என்ன?" தாயின் ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசி வைரஸையும் பிடித்துப் போட்டுவிடும். அது வடிந்த பிறகு போட்டால்தான் பி செல் பழகும். இம்யூனோகுளோபுலினை அளவுக்கு மேல் போடக்கூடாது என்று மேலே சொன்னேனே, அதே கணக்கு.

ஜூன் 12

"ஆன்டிபாடிதான் எல்லாமா?" என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள் சார். அந்தக் கிருமி விழுங்கும் செல்லுக்குள்ளேயே குடித்தனம் வைத்துவிடும், அங்கே முக்கியமாக டி செல்தான் வேலை செய்ய வேண்டும். செல்லுக்கு வெளியே, ரத்தத்திலும் திசு நீரிலும் சளிச்சவ்விலும் இருக்கும் எதிரிக்குத்தான் ஆன்டிபாடி. ஆனால் அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1952-ல் ஆக்டன் புரூட்டன் என்ற டாக்டர் ஒரு எட்டு வயதுப் பையனிடம் பார்த்தார். நிமோனியா கிருமி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. சோதித்தால் ரத்தத்தில் காமா குளோபுலினே, அதாவது ஆன்டிபாடி அடங்கிய பகுதியே, இல்லை. வெளியிலிருந்து கொடுத்ததும் தேறினான். அடிக்கடி நிமோனியா, காதில் சீழ் என்று வரும் ஆண் குழந்தைகள் இருந்தால் ஒரு முறை ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் மருந்து இருக்கிறது.

வகுப்பில் சொல்ல ஒன்று. பி செல்லைத் தனியாக அடையாளம் காட்டிக் கொடுத்தது கோழி. கோழியின் பின்பக்கத்தில் பர்சா என்ற சிறு பை இருக்கிறது, அதை வெட்டியெடுத்த கோழிகளுக்குக் கிருமியைச் செலுத்தினால் ஆன்டிபாடி வருவதில்லை என்று புரூஸ் கிளிக்கும் நண்பர்களும் கவனித்தார்கள். 1956-ல் அது கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது, மருத்துவர்கள் கண்ணில் படுவதற்கே வருடங்கள் ஆயின. பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

ஜூன் 14

"இரண்டு வருடம் முன் நாய் கடித்து ஊசி எல்லாம் போட்டேன், இப்போது சிம்ஸ் பூங்காவில் குரங்கு பிறாண்டிவிட்டது, ஏற்கனவே போட்டாயிற்றே?"

குரங்கு என்றாலும் ஊசி வேண்டும். ஆனால் முன்பு முழுசாகப் போட்டிருந்தால் உங்களுக்கு இந்த முறை 0, 3 என்று இரண்டு நாள் தடுப்பூசி போதும், காயத்துக்குள் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. பிளாஸ்மா செல்லாக மாறாமல் ஒதுங்கிய சில பி செல்கள் நினைவுச் செல்களாகத் தங்கிவிடுகின்றன. அவற்றுக்குத் தேடலும் கழிப்பும் முன்பே முடிந்துவிட்டன, மறுபடி வைரஸின் புரதத்தைக் கண்டால் சில நாளிலேயே இறுகிய ஐஜிஜியைக் கொட்டும். எவ்வளவு காலம் தங்கும் என்றால், ஃபாரோ தீவுகளில் 1846-ல் தட்டம்மை பரவியபோது பானம் என்ற டாக்டர் போய்ப் பார்த்தார். அதற்கு முன் அங்கே தட்டம்மை வந்தது 1781-ல். 65 வருடத்துக்கு முன் வந்து பிழைத்த கிழவர்களுக்கு மறுபடி வரவில்லை. 1918 இன்ஃப்ளூயன்சாவில் பிழைத்தவர்களின் ரத்தத்தில் 90 வருடம் கழித்து, 2008-ல் வெளியான ஆய்வில், அதே வைரஸைப் பிடிக்கிற பி செல்கள் உயிரோடு இருந்ததைக் காட்டினார்கள்.

பழைய ஊசிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ரேஷன் கார்டோடு வையுங்கள். சீட்டு இல்லை என்றால் டாக்டர் உங்களைப் புது ஆளாகத்தான் நடத்துவார், நடத்தவும் வேண்டும்.

ஜூன் 15

கடைசியாக நாய்களைப் பற்றி. தெருநாயை அடித்து விரட்ட வேண்டும் என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். நாய்க்கும் பி செல் இருக்கிறது, நாய்க்கும் அதே ஐஜிஜி வருகிறது. ஒரு ஊரில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வைரஸ் ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வழி இல்லாமல் சங்கிலி அறுந்துவிடும். ஊசி போட்ட நாயை அடித்துக் கொன்றால் அந்த இடத்துக்கு ஊசி போடாத நாய் வந்து சேரும், ஊர் இன்னும் மோசமாகும். வீட்டு நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு வருடம் ஒன்று. உங்கள் லைனில், உங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) சோறு வாங்கித் தின்கிற நாய்கள் எவை என்று உங்களுக்குத்தான் தெரியும். தடுப்பூசி முகாம் வேன் வரும் அன்றைக்குக் காலையில் அவற்றைப் பிடித்துக் கட்டி வைக்க இரண்டு பேர் முன்வந்தால் போதும்.